ஆக்சிஜனுக்குப் 'புளிப்புப் பொருள்' என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனைக்குள் போனால், ஆக்சிஜன் சிலிண்டரை அங்கே 'ஸாவர்ஷ்டோஃப்' என்றுதான் சொல்வார்கள். 'ஸாவர்' என்றால் புளிப்பு. 'ஷ்டோஃப்' என்றால் பொருள். முட்டைக்கோஸைப் புளிக்க வைத்துச் செய்யும் 'ஸாவர்க்ரௌட்' என்ற ஜெர்மன் உணவின் பெயரிலும் இதே 'ஸாவர்'தான் இருக்கிறது. மூச்சுத் திணறுகிறவருக்குக் கொடுக்கும் வாயுவுக்கும் புளிப்புக்கும் என்ன உறவு? ஆக்சிஜனுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை.

ரஷ்ய மொழியைப் பார்த்தாலும் இதே கதைதான். அங்கே 'கிஸ்லரோத்'. 'கீஸ்லி' என்றால் புளிப்பு. டச்சு, செக், ஃபின்னிஷ், எஸ்டோனியன் என்று எதைப் புரட்டினாலும் புளிப்பு வந்து நிற்கிறது. ஆனால் போலந்துக்காரரும் டென்மார்க்காரரும் லிதுவேனியரும் வைத்திருக்கும் பெயர்களில் புளிப்பே இல்லை. அவற்றில் நெருப்பு இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு பெரிய விஞ்ஞானி செய்த ஒரு தவறு. அந்தத் தவறைச் சில மொழிகள் மொழிபெயர்த்தன, சில மொழிகள் கடன் வாங்கி மறைத்தன, சில மொழிகள் தெரிந்தோ தெரியாமலோ தப்பித்தன.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

'ஆக்சிஜன்' என்பதில் இரண்டு கிரேக்கத் துண்டுகள் இருக்கின்றன.

1. 'ஒக்ஸிஸ்'. கூர்மையானது, நாக்கில் சுரீரென்று குத்துவது, அதாவது புளிப்பு. நம் ஊர் வரப்புகளில் முளைக்கும் புளியாரைக்குத் தாவரவியல் பெயர் 'ஆக்சாலிஸ்'. அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இலையை மென்று பார்த்த கிரேக்கரும் தமிழரும் ஒரே காரணத்துக்காகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2. 'கெனிஸ்'. இதை 'உண்டாக்குவது' என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பழைய கிரேக்கத்தில் இந்த ஈற்றுக்குப் பெரும்பாலும் 'பிறந்தது' என்றே பொருள். டயோஜெனிஸ் என்ற தத்துவ ஞானியின் பெயருக்கு 'ஸூஸ் கடவுளுக்குப் பிறந்தவர்' என்று அர்த்தம். அந்தக் கணக்கில் ஆக்சிஜன் என்றால் 'அமிலத்தில் பிறந்தது' என்றாகிவிடும். பெயர் வைத்த காலத்திலேயே மொழி தெரிந்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

பெயர் வைத்தவர் நினைத்த பொருள் 'அமிலத்தை உண்டாக்குவது'. அமிலம் என்ற சொல்லுக்கும் பல மொழிகளில் புளிப்புதான் அடிப்படை. லத்தீன் 'அசிடஸ்' என்றால் புளிப்பு, அதிலிருந்து ஆங்கில ஆசிட். தமிழ் 'அமிலம்' வடமொழி 'அம்ல'த்திலிருந்து வந்தது, அதுவும் புளிப்பே. ஆகவே 'புளிப்புப் பொருள்' என்று ஜெர்மன்காரர் சொல்வதும் 'அமில ஆக்கி' என்ற கிரேக்கச் சொல்லும் ஒரே கருத்துதான்.

இந்தப் பெயருக்கு முன்னால்

வாயுவைக் கண்டுபிடித்தவர்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். ஸ்வீடனில் மருந்தாளுநராக வேலை பார்த்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1770-களின் தொடக்கத்திலேயே இதைத் தயாரித்து 'நெருப்புக் காற்று' என்று அழைத்தார். ஆனால் அவருடைய நூல் அச்சாகி வந்தது 1777-இல்.

அதற்குள் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1 அன்று, ஒரு பெரிய குவிலென்ஸால் வெயிலைக் குவித்து, பாதரசத்தின் சிவப்புத் தூளைச் சூடாக்கினார். வெளிவந்த வாயுவில் மெழுகுவர்த்தி வழக்கத்தைவிட மிகப் பிரகாசமாக எரிந்தது. அவர் வைத்த பெயர் 'ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று'. எரியும் பொருள் ஒவ்வொன்றிலும் ஃபுளோஜிஸ்டன் என்று ஒரு சரக்கு இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. ஏற்கெனவே ஃபுளோஜிஸ்டன் துளியும் இல்லாத காற்று அதை ஆவலோடு இழுத்துக்கொள்ளும், அதனால்தான் தீ இப்படி எரிகிறது என்று அவர் விளக்கினார்.

ஷீலேயின் பெயர் கண்ணால் பார்த்ததைச் சொன்னது. பிரீஸ்ட்லியின் பெயர் ஒரு கோட்பாட்டைச் சொன்னது, அந்தக் கோட்பாடு சில ஆண்டுகளிலேயே சரிந்தது. அடுத்து வந்த பெயரும் கோட்பாட்டைச் சொல்லும் பெயரே.

பன்னிரண்டு நாள் அடுப்பு

'ஆக்சிஜன்' என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் லவாய்சியே. பாரிஸில் அவர் செய்த ஒரு சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நீண்டு வளைந்த கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையில் பாதரசம். அதன் கழுத்து ஒரு கண்ணாடி மணிக்குள் போய்த் திறக்கிறது. அடைபட்ட காற்று மொத்தம் சுமார் 50 கன அங்குலம். அடுப்பில் வைத்து, பாதரசம் கொதிநிலையை ஒட்டியே இருக்கும்படி 12 நாள் விடாமல் சூடு காட்டினார். இரண்டாம் நாள் பாதரசத்தின் மேல் சிவப்புப் பொடி மிதக்கத் தொடங்கியது. அது பெருகிப் பெருகி ஒரு கட்டத்தில் நின்றுபோனது.

அடுப்பை அணைத்து ஆறவிட்டுப் பார்த்தால் காற்று 42 அல்லது 43 கன அங்குலமாகக் குறைந்திருந்தது. மிச்சமிருந்த காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது, பிராணிகள் செத்தன. அப்புறம் சிவப்புப் பொடியை எடுத்து எடை போட்டார்: 45 கிரெய்ன் (அன்றைய ஒரு சிறிய எடை அளவு). அதை மட்டும் தனியாகச் சூடாக்கினார். 41.5 கிரெய்ன் பாதரசம் திரும்பி வந்தது. கூடவே 7 முதல் 8 கன அங்குலம் வாயு வந்தது. காணாமல் போன காற்றின் அளவும் அதுவேதான்.

தராசை இப்படி நம்பியவர் அன்று அரிது. எரிதல் என்றால் பொருளிலிருந்து ஏதோ வெளியேறுவது அல்ல, காற்றின் ஒரு பகுதி வந்து பொருளோடு சேர்வது என்று இதனால் உறுதியாயிற்று. முதலில் அவர் அந்தப் பகுதியை 'உயிர்க்காற்று', 'மிகச் சிறப்பாக மூச்சுவிடத் தக்க காற்று' என்றெல்லாம் அழைத்தார். அந்தப் பெயரிலேயே நிறுத்தியிருந்தால் பின்னால் வந்த குழப்பம் எதுவும் இல்லை.

அவர் நிறுத்தவில்லை. காரணம், இந்தச் சங்கிலி:

1. கந்தகத்தை எரித்து, வரும் பொருளை நீரில் கரைத்தால் அமிலம்.
2. பாஸ்பரஸை எரித்தாலும் அமிலம்.
3. கரியை எரித்து வரும் வாயுவும் நீரில் கரைந்து லேசாகப் புளிக்கிறது.
4. மூன்றிலும் பொதுவாகச் சேர்ந்தது அந்த 'உயிர்க்காற்று'.
5. ஆகவே அமிலத் தன்மையைக் கொடுப்பதே அதுதான்.

முதல் நான்கும் சரி. ஐந்தாவதில்தான் வழுக்கினார். மூன்று அமிலங்களில் பார்த்ததை எல்லா அமிலங்களுக்கும் விதியாக்கினார். 1777-இலேயே 'அமிலமாக்கும் மூலம்' என்ற கருத்தை எழுதி, அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் கொடுத்துவிட்டார். 1787-இல் கீட்டன் த மோர்வோ, பெர்த்தொலே, ஃபூர்குருவா ஆகிய மூவரோடு சேர்ந்து வேதியியலுக்கே புதிய பெயர் முறையை வெளியிட்டபோது, 'ஆக்சிஜேன்' அதன் நடுத்தூணாக நின்றது. ஆக்சைடு, சல்ஃபேட், சல்ஃபைட், நைட்ரேட் என்று இன்றுவரை நாம் சொல்லும் பெயர்கள் அந்த முறையில் வந்தவையே. முறை அருமையானது, பெயர்களைப் பார்த்தாலே சேர்மத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். அதனாலேயே அது வேகமாகப் பரவியது, உள்ளே இருந்த பிழையும் சேர்ந்தே பரவியது.

கோட்பாடு எங்கே உடைந்தது

முதல் விரிசல் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. பெயர் முறை வெளியான அதே 1787-இல், அதை எழுதிய நால்வரில் ஒருவரான பெர்த்தொலே, புருசிக் அமிலத்தை (இன்று ஹைட்ரஜன் சயனைடு என்கிறோம்) ஆராய்ந்தார். ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் மூன்றும் இருந்தன. ஆக்சிஜனைக் காணோம். ஆனால் அது வலுவற்ற அமிலம், விதிவிலக்காக ஒதுக்கிவைக்க முடிந்தது.

ஒதுக்க முடியாத அடியைக் கொடுத்தவர் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி.

முதலில் 1807-இல், உருக்கிய காரங்களில் மின்சாரத்தைப் பாய்ச்சி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். அமிலத்துக்கு நேர் எதிரான காரங்களிலும் ஆக்சிஜன் இருப்பது அப்போது தெரிந்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நீற்றுவதற்கு முன் இருக்கும் சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியமும் ஆக்சிஜனும் மட்டுமே. அது புளிக்காது, நாக்கைப் பொத்துவிடும். 'அமில ஆக்கி' இங்கே காரத்தை ஆக்கிக்கொண்டு இருக்கிறது.

அடுத்தது 1810. கழிவறை கழுவப் பயன்படுத்துகிறோமே, ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதற்கு அன்று மியூரியாட்டிக் அமிலம் என்று பெயர். அதிலும் ஆக்சிஜன் இருந்தே ஆக வேண்டும் என்று லவாய்சியே நம்பினார். அதிலிருந்து கிடைக்கும் பச்சை வாயுவில் இன்னும் அதிக ஆக்சிஜன் இருப்பதாகக் கருதி, 'ஆக்சிஜனேறிய மியூரியாட்டிக் அமிலம்' என்றே அதற்குப் பெயர். டேவி அந்தப் பச்சை வாயுவுக்குள் கரித்துண்டை வைத்து, மின்கல அடுக்கால் வெண்சூடாகும் வரை காய்ச்சினார். ஆக்சிஜன் ஒரு துளி இருந்தாலும் கரி அதைப் பிடித்துக்கொண்டு கார்பனின் ஆக்சைடாக வெளியே வந்திருக்கும். எதுவும் வரவில்லை. அந்த வாயு ஒரு தனிமம் என்று முடிவு கட்டி, வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'குளோரின்' என்று பெயரிட்டார். நிறத்தை மட்டுமே சொல்கிற பெயர். கோட்பாடு மாறினாலும் கெடாத பெயர். அவர் வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஆக, வலிமையான அமிலங்களில் ஒன்றான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருப்பது ஹைட்ரஜனும் குளோரினும்தான். நம் இரைப்பையில் சுரப்பதும் இதே அமிலம்தான் என்று 1824-இல் வில்லியம் பிரௌட் கண்டறிந்தார்.

சரி, அப்படியானால் அமிலத்தை அமிலமாக்குவது எது? 1838-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் தெளிவாகச் சொன்னார்: உலோகம் வந்து இடம்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன். அதன் பிறகு வந்த அர்ரேனியஸின் விளக்கமும், 1923-இல் வந்த பிரான்ஸ்டெட், லௌரி விளக்கமும் ஹைட்ரஜனைச் சுற்றியே அமைந்தன.

இப்போது இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைட்ரஜன் என்றால் 'நீரை உண்டாக்குவது'. 18 கிராம் நீரில் ஹைட்ரஜன் 2 கிராம்தான், மீதி 16 கிராமும் ஆக்சிஜன். ஆக்சிஜன் என்றால் 'அமிலத்தை உண்டாக்குவது'. அந்த வேலையைச் செய்வது ஹைட்ரஜன். இரண்டு பிள்ளைகளின் பெயரும் தொட்டிலில் மாறிப்போன மாதிரி இருக்கிறது.

ஐரோப்பிய மொழிகள் என்ன செய்தன

புதிய பெயர் பாரிஸிலிருந்து புறப்பட்டபோது ஒவ்வொரு மொழிக்கும் மூன்று வழிகள் இருந்தன.

*1. அப்படியே எடுத்துக்கொண்டவை.* ஆங்கிலம், ஸ்பானிஷ், இத்தாலியன், போர்த்துகீஸ், ருமேனியன். 'ஆக்சிஜன்', 'ஒக்ஸீகெனோ', 'ஒஸ்ஸிஜெனோ' என்று ஒலி மட்டும் மாறியது. இந்த மொழிக்காரர்களுக்கு அந்தச் சொல் வெறும் ஒலி. கிரேக்கம் படித்தவரைத் தவிர யாருக்கும் உள்ளே புளிப்பு இருப்பது தெரியாது. அதனால் கோட்பாடு செத்தபோது பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

*2. பொருளை மொழிபெயர்த்தவை.* இந்தக் கூட்டம்தான் பெரியது. 1790-களின் தொடக்கத்தில் கிர்டானர் போன்றவர்கள் ஜெர்மனுக்குப் புதிய வேதியியல் சொற்களை ஆக்கினார்கள். ஸாவர்ஷ்டோஃப் (புளிப்புப் பொருள்), வாஸர்ஷ்டோஃப் (நீர்ப் பொருள்), ஷ்டிக்ஷ்டோஃப் (திணறல் பொருள், அதாவது நைட்ரஜன்). டச்சு இதே அச்சில் 'ஸூர்ஸ்டோஃப்' என்றது. ஸ்வீடனில் 1795-இல் அஃப்ஸீலியஸும் ஏகபெரியும் அழகாகச் சுருக்கினார்கள்: 'சீரெ', 'வேத்தெ', 'க்வேவெ'. புளிப்பு, ஈரம், திணறல் என்ற மூன்று வேர்களிலிருந்து மூன்று குட்டிச் சொற்கள். ஐஸ்லாந்தில் 'சூரெஃப்னி'. செக்கில் 'கிஸ்லீக்', குரோவாசியனில் 'கிசிக்', லாட்வியனில் 'ஸ்காபெக்லிஸ்'. ஃபின்னிஷில் 'ஹப்பன்' புளிப்பு, 'ஹப்போ' அமிலம், 'ஹப்பி' ஆக்சிஜன். ஒரே வேரில் மூன்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது பள்ளிப் பிள்ளை என்ன நினைக்கும்? ஆக்சிஜன் இல்லாமல் அமிலம் இல்லை என்றுதானே? மொழி அப்படித்தான் சொல்கிறது, பாடப்புத்தகம் இல்லை என்கிறது.

இந்தப் பிழை கப்பலேறி ஆசியாவுக்கும் போனது. ஜப்பானில் 1830-களில் உதகாவா யோஆன் டச்சு நூல்களிலிருந்து வேதியியலை மொழிபெயர்த்தபோது, 'சான்சோ' என்றார். அமிலத் தனிமம். இன்றும் ஜப்பானில் அதுதான் பெயர்.

*3. சொந்தமாக யோசித்தவை.* டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், பிற்காலத்தில் மின்சாரம் காந்த ஊசியை அசைக்கும் என்று கண்டுபிடித்தவர், 1814-இல் 'இல்ட்' என்ற சொல்லை உருவாக்கினார். 'இல்' என்றால் டேனிஷில் நெருப்பு. ஹைட்ரஜனுக்கு 'ப்ரின்ட்', எரிவது என்ற வேரிலிருந்து. லிதுவேனியனில் 'தெகுவோனிஸ்', அதுவும் 'எரி' என்ற வினையிலிருந்து. போலந்தின் கதை இன்னும் சுவையானது. இன்றைய லிதுவேனியாவில் உள்ள வில்னியஸில், போலந்து வேதியியலாளர் ஸ்னியாடெட்ஸ்கி 1800-இல் எழுதிய வேதியியல் நூலில் 'க்வாசோரூத்', அமிலம் பிறப்பிப்பது, என்றுதான் இருந்தது. பிறகு ஓச்சப்போவ்ஸ்கி என்பவர் 'ட்லென்' என்ற சொல்லை முன்வைத்தார். கனிந்து கனிந்து எரிவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. அதுவே நிலைத்தது. பிழையான பெயரை ஏற்றுக்கொண்டு, பிறகு கழற்றி வைத்த மொழி அது.

ஹங்கேரியில் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் 'வாழ்' என்ற வினையிலிருந்து 'ஏலென்' என்ற நல்ல சொல்லை ஆக்கினார்கள். அது நிற்கவில்லை. இன்று ஹங்கேரியனில் 'ஒக்சிகேன்'தான்.

அப்புறம் கிரேக்கம். தன்னிடமிருந்து எடுத்த துண்டுகளால் பாரிஸில் செய்த சொல் வீடு திரும்பியபோது, கிரேக்கர்கள் வாலை மட்டும் திருத்திவிட்டு உள்ளே விட்டார்கள். 'பிறந்தது' என்று ஒலிக்கும் ஈற்றை எடுத்துவிட்டு, 'பிறப்பிப்பது' என்ற பொருள் தரும் '-கோனோ'வைச் சேர்த்து 'ஒக்ஸிகோனோ' ஆக்கினார்கள். இலக்கணப் பிழை சரியாயிற்று. வேதியியல் பிழை அப்படியே இருக்கிறது.

நைட்ரஜன் விஷயத்தில் பிரெஞ்சே இரண்டு மனதாக இருந்தது. லவாய்சியே வைத்தது 'அஸோட்', உயிரற்றது. வெடியுப்பிலிருந்து வருவதால் 'நைட்ரஜன்' என்று 1790-இல் சொன்னவர் ஷப்தால், அவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஆங்கிலம் ஷப்தாலின் சொல்லை எடுத்துக்கொண்டது, பிரெஞ்சில் இன்றும் அஸோட் வழங்குகிறது.

இன்றும் ஏற்படும் குழப்பம்

'ஆக்சி' என்ற வேர் இன்று மூன்று பொருளில் ஓடுகிறது. சொல்லில் புளிப்பு, பொருளில் ஆக்சிஜன், வினையில் எலெக்ட்ரான் இழப்பு. ஆக்சிஜனேற்றம் என்றால் ஒரு காலத்தில் ஆக்சிஜன் சேர்வது மட்டுமே. இப்போது ஓர் அணு எலெக்ட்ரானை இழந்தாலே அது ஆக்சிஜனேற்றம். சோடியம் குளோரினில் எரிந்து சமையல் உப்பாகும்போது சோடியம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்கிறோம், அந்த இடத்தில் ஆக்சிஜனே இல்லை. பிளஸ் ஒன் மாணவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. குறை அவர்களிடம் இல்லை, பெயரில் இருக்கிறது.

தமிழ் எந்த வரிசையில்?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆக்சிஜன், இலங்கைப் பாடநூல்களில் ஒட்சிசன். இரண்டும் முதல் வழி, கடன் சொல். பிராணவாயு, உயிர்வளி என்று நாம் ஆக்கிய சொற்கள் மூன்றாம் வழி. அவை மூச்சைச் சொல்கின்றன, அமிலத்தைச் சொல்வதில்லை. லவாய்சியே கைவிட்ட 'உயிர்க்காற்று'க்குப் பக்கத்தில் நிற்பவை அவை.

ஆனால் இரண்டாம் வழியிலும் நாம் ஒரு சொல்லைப் பெற்றிருக்கிறோம், கவனிக்காமலேயே. கார்பன் டை ஆக்சைடுக்கு நாம் சொல்லும் 'கரியமில வாயு'வைப் பிரித்துப் பாருங்கள். கரி, அமிலம், வாயு. 1787-ஆம் ஆண்டுப் பெயர் முறையில் இதன் பெயர் சொல்லுக்குச் சொல் இதுவேதான். ஆங்கிலத்திலும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க 'கார்பானிக் ஆசிட் கேஸ்' என்றே வழங்கியது. அமிலம் என்றால் ஒரு பொருளோடு ஆக்சிஜன் சேர்ந்தது, அவ்வளவே என்பது லவாய்சியேயின் கணக்கு. அந்தக் கணக்கில் கரியை எரித்து வரும் வாயுவே அமிலம், நீர் கூடத் தேவையில்லை. இன்றைய வேதியியலில் அந்த வாயு நீரில் கரைந்த பிறகுதான் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. சோடா பாட்டிலைத் திறந்து குடிக்கும்போது நாக்கில் சுரீர் என்று ஏறும் புளிப்பு அதுதான்.

ஜெர்மனியில் அந்த சோடாவை வாங்கினால், வாயு சேர்த்த தண்ணீர் என்பதைக் குறிக்க பாட்டிலில் 'கோலன்ஸோய்ரே' என்று போட்டிருப்பார்கள். 'கோலெ' என்றால் கரி, 'ஸோய்ரே' என்றால் அமிலம். கரியமிலம்.